தாயகம் திரும்பிய கேமரா: லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் தொடக்ககாலப் படங்களில் இரு மீள்வருகைகள்

ஆய்வுச் சுருக்கம்

லண்டனில் திரைப்படத் தொழிலைத் தொடங்கிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1952-இல் இலங்கைக்குத் திரும்பினார். அவர் இயக்கிய ‘ரேகாவ’ (1956) சிங்கள சினிமா தன் மண்ணுக்குத் திரும்பிய தருணமாகத் திரைப்பட வரலாறுகளில் இடம்பெற்றுள்ளது. ஒரு கலைஞர் ஊர் திரும்பியதும் ஒரு தேசிய சினிமா ‘வீடு திரும்பியதாக’ச் சொல்லப்படுவதும் இவ்வரலாறுகளில் ஒன்றாகவே வைத்துப் பேசப்படுகின்றன. இவ்விரண்டும் வெவ்வேறானவை; இரண்டையும் கலந்து பேசுவதால் படங்களின் வாசிப்பும், அவற்றைச் சாத்தியமாக்கிய தமிழர் பங்களிப்பும் ஒருங்கே மறைகின்றன என்பதை ‘ரேகாவ’, ‘கம்பெரலிய’ (1963) ஆகிய படங்களின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், சிங்கள சினிமா, தாயகம், மீள்வருகை, தென்னிந்திய ஸ்டூடியோ, ரேகாவ, கம்பெரலிய

மதுரையில் பிறந்த சிங்களப் படம்

முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947 ஜனவரியில் கொழும்பில் திரையிடப்பட்டது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் உருவானது மதுரைச் சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில். இயக்குநர் ஜோதிஷ் சின்ஹா ஒரு வங்காளி. பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மேடை நாடகமே கதைக்கு மூலம். நாயகியான ருக்மணி தேவி, டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்னும் இயற்பெயருடைய கொழும்புச் செட்டிச் சமூகப் பெண். ஒரு மொழியின் சினிமா தன் முதல் நாளிலேயே இத்தனை இடங்களின் சேர்க்கையாக இருந்தது என்பது வியப்புக்குரியதன்று. அக்காலத்துத் தமிழ், தெலுங்கு, மலையாளப் படங்களும் அவ்வாறே உருவாயின. அடுத்த பத்தாண்டுக்குச் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில், தென்னிந்தியத் தொழில்நுட்பக் கலைஞர்களின் கைவண்ணத்தில் வெளிவந்தன. நாயகம் பின்னர் இலங்கையிலேயே கந்தானையில் ஸ்டூடியோ ஒன்றையும் நிறுவினார்.

இப்படங்களின்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு நன்கறிந்தது: வரைந்த திரைச்சீலைகளும் அட்டைக் குடிசைகளும் இந்திப் பாடல் மெட்டுகளும் நாடகப் பேச்சும் சேர்ந்த ஒரு கலவை, இலங்கைக் கிராமம் எதுவும் அவற்றில் இல்லை. இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. தென்னிந்திய ஸ்டூடியோக்களில் உருவான அன்றைய தமிழ்ப் படங்களின்மீதும் தமிழ்த் திறனாய்வாளர்கள் இதனையே கூறியுள்ளனர். ஆயினும் தமிழ்ப் படத்தின் குறை ‘ஸ்டூடியோவின் குறை’ என்று சொல்லப்பட, சிங்களப் படத்தின் குறை ‘அயல்நாட்டின் குறை’ என்று சொல்லப்பட்டது. அழகியல் சார்ந்த ஒரு விமர்சனம் எல்லை சார்ந்த விமர்சனமாக உருமாறிய இவ்விடத்தைத் திரைப்பட வரலாறுகள் போதிய கவனமின்றிக் கடந்துவிடுகின்றன.

லண்டன் வழியாக வந்த கிராமம்

1919-இல் பிறந்த லெஸ்டர், ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தவர். அவருடைய தம்பி ஐவன் பீரிஸ், நவீன ஓவியத்தை இலங்கையில் வேரூன்றச் செய்த ‘43 குழு’வின் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவர். 1940-களின் பிற்பகுதியில் லண்டன் சென்ற லெஸ்டர், அங்குப் பத்திரிகைப் பணியாற்றிக்கொண்டே ‘சாலிலக்வி’ முதலான குறும்படங்களை எடுத்தார். இலங்கை அரசாங்கத் திரைப்படப் பிரிவில் பணியாற்ற வந்த ஆங்கில ஆவணப்பட இயக்குநர் ரால்ஃப் கீன், அவரை ஊர் திரும்புமாறு தூண்டினார். ஊருக்கு அழைத்தது ஊர் அன்று, பிரித்தானிய ஆவணப்பட மரபு என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அம்மரபுக்கு இலங்கையில் ஏற்கெனவே ஒரு முன்வடிவம் இருந்தது. பேசில் ரைட் இயக்கிய ‘சாங் ஆஃப் சிலோன்’ (1934) படத்தில் இலங்கைக் கிராமம், சடங்கும் நடனமும் உழைப்பும் இசைந்த ஒரு முழுமையாகக் காட்சி பெற்றது. அதன் விவரணைக் குரல் 43 குழுவின் மையமாக விளங்கிய லயனல் வெண்ட் உடையது. ஆகவே 1952-இல் லெஸ்டர் திரும்பி வந்தபோது அவர் கண்முன் இருந்த கிராமம், அவர் பிறந்து வளர்ந்த கிராமமன்று. அது முன்பே ஒரு கேமராவால் அழகாகப் பார்க்கப்பட்ட கிராமம். திரைப்படப் பிரிவுக்காக அவர் எடுத்த ‘காங்குவெஸ்ட் இன் தி டிரை சோன்’ மலேரியா ஒழிப்பைப் பற்றிய படம். நாட்டுப்புறத்தை அவர் முதலில் நெருங்கியது அரசின் நலத்திட்டங்களைக் காட்டும் பணியின் வழியாகவே.

1955-இல் அவர் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் டி சில்வா (பின்னாளில் டைட்டஸ் தொட்டவத்த) ஆகியோருடன் பதவி விலகி ‘ரேகாவ’வைத் தொடங்கினார். சத்யஜித் ராயும் 1950-இல் விளம்பர நிறுவனப் பணிக்காக லண்டனில் சில மாதங்கள் தங்கியிருந்தபோதே தம் சினிமாவின் திசையைக் கண்டுகொண்டார் என்பது ஒப்புநோக்கத்தக்கது. ஆனால் ராய்க்குக் கையில் ஒரு நாவலும் அதன் பின்னே ஒரு பெரும் இலக்கிய மரபும் இருந்தன. லெஸ்டருக்கு ‘ரேகாவ’வில் அத்தகைய துணை இல்லை.

மரக்காலில் நின்று பார்த்தல்

‘ரேகாவ’ என்றால் ரேகை. தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவான சொல். மரக்காலில் நடந்து வித்தை காட்டும் மிகேல் தன் குரங்குடன் ஒரு கிராமத்துக்கு வருகிறான். சேன என்னும் சிறுவனின் கைரேகையைப் பார்த்து, அவன் நோய் தீர்ப்பவனாக வருவான் என்கிறான். சேனவின் தோழி அனுலா பார்வை இழக்கிறாள். அவன் தொட்டதும் பார்வை மீள்கிறது. தந்தையும் ஊர் வட்டிக்காரரும் இதனைப் பணமாக்க முனைகின்றனர். செல்வரின் மகன் ஒருவன் சேனவிடம் கொண்டுவரப்பட்டு இறந்துவிட, வறட்சியும் சேர்ந்துகொள்ள, போற்றிய ஊரே அவன்மேல் திரும்புகிறது. இறுதியில் மழை வருகிறது.

இப்படம் கிராமத்தை ‘உள்ளிருந்து’ காட்டிய முதல் படம் என்பது பெருவழக்கான மதிப்பீடு. படத்தின் அமைப்போ இதற்கு இணங்குவதில்லை. கதையை இயக்குபவன் வெளியிலிருந்து வருகிறான்; அவன் பார்வை தரையிலிருந்து சில அடி உயரத்தில் உள்ளது. சிலப்பதிகாரத்து மாதவியின் பதினோராடலுள் ‘மரக்கால்’ ஒன்று. கொற்றவை தரையை மிதியாது ஆடிய ஆடல் அது. மிகேலும் மண்ணில் கால் பதியாமல் ஊருக்குள் வருபவன். அவன் தரும் பரிசு ஒரு முன்னறிவிப்பு. அதனை நம்பிய ஊர் ஒரு சிறுவனை முதலில் தெய்வமாக்குகிறது, பின்னர்த் தீமையாக்குகிறது. சேஷ பாலிஹக்கார என்னும் நடனக் கலைஞர் மிகேலாக நடித்திருப்பதால், ஏனைய பாத்திரங்களின் இயல்பான நடைக்கும் அவன் நடைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஊரின் அழகு அனைத்தும் இவ்வருகையாளனின் பார்வையில் விரிவதை லெஸ்டர் மறைக்கவில்லை.

ஊர் திரும்பியவர் எடுத்த முதல் கதைப்படம், ஊருக்குள் வந்த அந்நியனிடமிருந்து தொடங்குவதைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை. படத்தின் வலிமையும் இங்கேதான் உள்ளது. சிறுவர்கள் வெளியில் அலையும் காட்சிகள் காணும் இன்பத்தால் ஒளிர்கின்றன. பெரியவர்களின் பண ஆசையைக் காட்டும் காட்சிகள் எளிய கேலிச்சித்திரமாகச் சுருங்கிவிடுகின்றன. வெளியை அறிந்த அளவுக்கு வீட்டினை லெஸ்டர் அப்போது அறிந்திருக்கவில்லை என்றே முடிவுகொள்ள வேண்டியுள்ளது. படம் 1957-இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. உள்நாட்டில் வணிக நோக்கில் தோல்வியுற்றது.

வீட்டுக்குள் நுழைதல்

இந்நோக்கில் லெஸ்டரின் உண்மையான மீள்வருகை ‘ரேகாவ’ அன்று, ‘கம்பெரலிய’. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 1944-ஆம் ஆண்டு நாவலுக்கு ரெஜி சிறிவர்தன திரைக்கதை அமைத்தார். பாட்டும் நடனமும் நீக்கப்பட்டன. கேமரா வெட்டவெளியை விட்டுச் சிதைந்துவரும் வளவு வீட்டின் அறைகளுக்குள் வந்தது. கதவு, சாய்நாற்காலி, சன்னல், அடுத்த அறையில் நிற்கும் ஒருவர் என ஒரு குடும்பத்தின் தாழ்வு பொருள்களின் வழியே மெல்லத் தெரியவருகிறது.

கதையின் நடுவிலும் போதலும் திரும்பலுமே உள்ளன. ஆங்கிலம் கற்பிக்க வந்த பியல், குலத்தாழ்வு காரணமாக நந்தாவை மணக்க இயலாமல் நகரம் செல்கிறான். செல்வம் ஈட்டித் திரும்புகிறான். நந்தாவின் கணவன் ஜினதாச பிழைப்புத் தேடி ஊரை நீங்குகிறான், திரும்புவதில்லை. அவன் இறந்துவிட்டதாக நம்பி நந்தா பியலை மணக்கிறாள். உண்மையான மரணச் செய்தி பின்னரே வருகிறது. வெற்றியுடன் திரும்பியவனுக்கு அவன் விரும்பிய வீடு கிடைக்கிறது. அவ்வீட்டில் அவன் வருமுன் நிகழ்ந்த வாழ்வு கிடைப்பதில்லை. இறந்த கணவனுக்காக நந்தா கொள்ளும் துயரின்முன் பியல் வெளியில் நிற்பவனாகிறான். திரும்பி வருதல் காலத்தை மீட்டுத் தராது என்பதைப் படம் எவர் வாயாலும் சொல்வதில்லை. நடிகர்களுக்கிடையே விடப்பட்ட தூரத்தால் உணர்த்துகிறது. 1965-இல் புதுதில்லி உலகத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது இப்படத்துக்குக் கிடைத்தது.

இவ்விடத்தில் இன்னொரு திரும்பலையும் குறிப்பிட வேண்டும். ‘கம்பெரலிய’வின் படத்தொகுப்பாளர் சுமித்ரா குணவர்தன, ஐரோப்பாவில் அலைந்து, லண்டனில் திரைப்படக் கல்வி பெற்று ஊர் மீண்டவர். 1964-இல் லெஸ்டரை மணந்தபின் சுமித்ரா பீரிஸ் என அறியப்பட்டு, 1978-இல் ‘கெஹெனு லமை’ மூலம் இயக்குநரானார். படத்தின் நிதான கதியும், பார்வைகள் ஒன்றையொன்று தொட்டு விலகும் வெட்டுகளும் அவருடைய மேசையில் உருவானவை. எனினும் ‘தாயகம் திரும்பிய கலைஞர்’ என்னும் தொடரை ஆய்வாளர்கள் அவருக்குப் பயன்படுத்துவது அரிது. அவர் லெஸ்டரின் பின் வந்தவராகவே எண்ணப்பட்டுவிட்டார்.

யாருடைய முதல்

‘ரேகாவ’ வெளியானது 1956 டிசம்பர் 28 அன்று. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நிறைவேறியிருந்தது. ஆங்கிலத்தில் சிந்தித்த ஒரு கத்தோலிக்கக் கலைஞரின் படத்துக்கும் அச்சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு கற்பிப்பது நியாயமாகாது. படத்தில் அத்தகைய மொழியரசியல் எதுவும் இல்லை. படத்தைப் பெற்றுக்கொண்ட சூழலுக்கோ தொடர்பு உண்டு. ‘முதல் உண்மையான சிங்களப் படம்’ என்ற அடைமொழி, தனக்கு முந்தியவை அனைத்தையும் பொய்யாக்கித்தான் நிற்க முடியும். பொய்யாக்கப்பட்டவற்றுள் மதுரையும் கோவையும் சேலமும் சென்னையும் இருந்தன, நாயகமும் இருந்தார்.

லெஸ்டரின் தொழில்வாழ்வே இவ்வடைமொழியை மறுக்கிறது. ‘ரேகாவ’வின் தோல்விக்குப் பின் அடுத்த படம் வர நான்கு ஆண்டுகள் சென்றன. 1960-இல் வெளியான அப்படம் ‘சந்தேசய’; தயாரித்தவர் சினிமாஸ் நிறுவனத்தின் கே. குணரத்தினம் என்னும் தமிழர். ‘கொளு ஹதவத்த’ (1968), ‘அக்கர பஹ’ (1969), ‘நிதானய’ (1972) ஆகிய மூன்றும் சிலோன் தியேட்டர்ஸ் தயாரிப்புகள். 1928-இல் அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் சிற்றம்பலம் கார்டினர். லெஸ்டரின் உச்சப் படைப்பென்று பலரும் கருதும் ‘நிதானய’ உட்பட, தேசிய சினிமாவின் அடையாளமாகப் போற்றப்படும் படங்களுக்கான முதலீடு தமிழர் தோற்றுவித்த வணிக அமைப்புகளிலிருந்து வந்தது. இவர்கள் கலைப் புரவலர்கள் என்று உயர்த்திக் கூற வேண்டியதில்லை. திரையரங்குகளை நடத்திய வணிகர்கள். இதே நிறுவனங்கள்தான் லெஸ்டர் எதிர்த்த வகைப் படங்களையும் தயாரித்தும் திரையிட்டும் வந்தன. ஸ்டூடியோ முதலீட்டை விட்டு வெளியேறியதாகக் கூறப்படும் கலைஞர், அதனோடு உடன்பட்டும் முரண்பட்டும் பணியாற்றினார் என்பதே சான்றுகள் காட்டும் நிலை.

தென்னிந்திய ஸ்டூடியோக்களில் உருவான சிங்களப் படங்களின் ஒளியமைப்பு, அரங்க அமைப்பு, இசைச் சேர்ப்பு ஆகியன அதே ஆண்டுகளின் தமிழ்ப் படங்களோடு காட்சிக்குக் காட்சி ஒப்பிடப்பட வேண்டியவை. ‘நகல்’ என்ற ஒற்றைச் சொல்லின்கீழ் எவையெல்லாம் உண்மையில் நகல், எவை மேடை நாடக மரபின் தொடர்ச்சி, எவை இரு கரைகளின் கலைஞர்களும் சேர்ந்து கண்ட தீர்வு என்பன அதன்பின்னரே தெளிவாகும். தமிழும் சிங்களமும் அறிந்த ஆய்வாளருக்கு உரிய பணி இது. ஆனால் அதற்கான படச்சுருள்கள் பல இன்று இல்லை. குணரத்தினத்தின் ஹெந்தல விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலை வன்முறையில் எரியூட்டப்பட்டபோது, அங்கு வைக்கப்பட்டிருந்த சுருள்களும் அதனோடு எரிந்தன.