தம்மம்பட்டிக்கும் வீடியோவுக்கும் நடுவே: எளிய மரப்பொம்மையை யார் சொல்லித்தருவது?

சேலத்திலோ நாமக்கல்லிலோ இருக்கிற ஒருவருக்கு, கையடக்கமாக ஒரு மர உருவம் செதுக்கிப் பார்க்கணும்னு ஆசை வருகிறது. சாமி சிலை இல்லை. ஒரு ஆடு, ஒரு கிழவி, ஒரு குருவி, அவ்வளவுதான். அவர் எங்கே போவார்? இந்தக் கேள்வியோடு கொஞ்ச நாளாகக் கிடைத்த பாடங்களையெல்லாம் படித்தும் பார்த்தும் வருகிறேன். வழி இரண்டு இருக்கிறது. ஒன்று பக்கத்து ஊரில், இன்னொன்று செல்போனில். இரண்டுமே புதியவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன என்பது என் குற்றச்சாட்டு.

பக்கத்து ஊர் தம்மம்பட்டி. ஆத்தூருக்குத் தெற்கே, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கிறது. வாகை, தூங்குவாகை, மாவிலங்கு, அத்தி போன்ற மரங்களில் தெய்வ உருவங்களும் தசாவதாரப் பலகைகளும் வாகனங்களும் செய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற தொழில். பச்சைமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் 2020இல் அது கிடைத்தது. இந்த ஊர்களைப் பற்றி வருகிற கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: பாரம்பரியம், நுணுக்கம், ஏற்றுமதி, கைவினைஞர் படும் பாடு. படித்து முடித்தால் பெருமையாக இருக்கும். ஆனால் உளியை எந்தப் பக்கமிருந்து ஓட்டுகிறார்கள், கட்டையை எப்படிப் பிளக்கிறார்கள் என்று ஒரு வரி இருக்காது. குறியீடு பெயரைக் காப்பாற்றும், சரி. கையில் இருக்கிற அறிவை யார் எழுதிவைக்கிறார்கள்?

எழுதிவைத்தது அளவுகளைத்தான். வை. கணபதி ஸ்தபதியின் ‘சிற்பச் செந்நூல்’ 1978இல் வந்தது. 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர் அவர். அந்த நூலின் முதுகெலும்பு தாலமானம். முகத்தின் நீளம் ஒரு தாலம், அதில் 12 அங்குலம். நவதால உருவம் 108 அங்குலம், உத்தம தசதாலம் 124. (இந்த அங்குலம் இஞ்ச் இல்லைங்க. உருவம் பெரிதானால் அதுவும் பெரிதாகும், சிறிதானால் சிறிதாகும்.) அசாத்தியமான ஏற்பாடு இது. ஒரே கணக்கை வைத்துக்கொண்டு விரல் நீளத்திலும் செய்யலாம், ஆள் உயரத்திலும் செய்யலாம்.

ஆனால் புதியவரின் முதல் சந்தேகம் வேறு. “கத்தி ஒரு பக்கம் வெண்ணெய் மாதிரி போகுது, திரும்பி வந்தா பிய்ச்சுக்கிட்டு வருது, ஏன்?” இதற்குத் தாலமானத்தில் பதில் இல்லை. அது பட்டறையில், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சாணைக்கல் தேய்த்து வாங்க வேண்டிய பதில். பட்டறைக்கு வெளியே இருப்பவருக்கு அது வந்து சேர்வதில்லை. இன்னொன்று, இந்த முறைக்குள் எளிய உருவத்துக்கு மரியாதை குறைவு. ஆடும் கிழவியும் ஏதோ படிக்கட்டு, ஏறிப்போனால்தான் சிற்பம் என்கிற தொனி. எனக்கு அது ஒப்பவில்லை.

சரி, செல்போனுக்கு வருவோம். அங்கே கஞ்சத்தனமே கிடையாது. கத்தியைப் பிடிப்பது, கட்டைவிரலுக்கு உறை போடுவது, குறுக்கே ஒரு வெட்டு போட்டு அதுவரை சீவி நிறுத்துவது, எல்லாம் கண்முன்னே. சொல்லித்தரும் விதத்தில் நம் புத்தகங்களைவிட அவை எவ்வளவோ மேல். ஓட்டை மரத்தில் இருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது பாஸ்வுட். மென்மையானது, நார் நேராக ஓடும், கணு இருக்காது. உருளைக்கிழங்குத் தோல் சீவுகிற மாதிரி கத்தியைத் தன் பக்கம் இழுக்கிறார்களே, அந்த வெட்டு அந்த மரத்துக்காகப் பிறந்தது.

அதே வெட்டை வாகையில் போட்டால் விரல் போய்விடும். வாகையில் நார் மாறிமாறிப் பின்னி ஓடுகிறது. தூள் மூக்கில் ஏறினால் தும்மல் வேறு. அதனால்தான் நம் ஆட்கள் உளியும் கொட்டாப்புளியும் வைத்துக்கொண்டார்கள். அதைப் பழமைப் பிடிவாதம் என்று நினைத்தால் தப்பு. மரம் கருவியைத் தீர்மானிக்கிறது. நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுகிற பட்டறைகளில் துண்டுக்கட்டை கிடைக்குமே என்று தோன்றும். அது சுமை தாங்கத் தேர்ந்தெடுத்த மரம், பழகாத கைக்கு ஆகாது. மாவிலங்கு கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். வெட்பாலையும் நல்லது. சென்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகள் அந்த மரத்தில் செய்வதுதான். முழு உருளையாகச் செதுக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்குக் காயும்போது நடுமையம் வரை வெடிப்பு விடும். இரண்டாகப் பிளந்து, மையத்தைக் கழித்துவிட்டு ஆரம்பிக்கணும். இதை எந்த வீடியோவும் நமக்காகச் சொல்லப்போவதில்லை.

வீடியோக்காரர்கள் விரும்பிச் செய்யும் வித்தை ஒன்று உண்டு. ஒரே கட்டையில் கூண்டும் அதற்குள் உருளும் பந்தும். வெளியே எடுக்க முடியாது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் யாளியின் வாயில் உருளும் கல் பந்தைப் பார்த்தவர்களுக்கு இது புதுசா என்ன? அங்கே அதைக் கருங்கல்லில் செய்திருக்கிறார்கள்.

உண்மையில் எளிய உருவம் நம்மிடம் இருக்கிறது, பாடமாக யாரும் பார்க்கவில்லை. கொலுவில் முதலில் எடுத்து வைக்கிற மரப்பாச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும், கால்கள் பிரியாது, கழுத்து தடிமன். செய்தவருக்குத் திறமை போதாமல் இல்லை. நார் மேலிருந்து கீழே ஓடும் கட்டையில் கையைப் பக்கவாட்டில் நீட்டினால், குறுக்கு நாரில் குழந்தை ஒரு நாளில் ஒடித்துவிடும். மரத்தின் பேச்சைக் கேட்டு வந்த வடிவம் அது. கொண்டபள்ளியில் இதே சிக்கலுக்கு வேறு விடை: கைகால்களைத் தனியே செதுக்கி ஒட்டிவிடுகிறார்கள். மரப்பாச்சிக்குப் பேர்போன செஞ்சந்தனம் இப்போது கட்டுப்பாட்டில் இருக்கும் மரம், புதியவருக்குக் கடினமும்கூட. வடிவத்தை எடுத்துக்கொண்டு மரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகற்களையும் இதோடு சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். தாலக் கணக்கில் நிறுத்தினால் தேறாத உடம்புகள், ஆனால் எந்த வீரன் எப்படிப் பாய்ந்தான் என்று தெரிகிறது. ஸ்வீடனில் ஆக்செல் பீட்டர்சன் என்று ஒருவர் (1868–1925), டோடர்ஹுல்ட் ஊர்க்காரர். கல்யாணம், சாவு வீடு, பட்டாளத்துக்கு ஆளெடுப்பு என்று தன் ஊர் மனிதர்களையே கத்தித்தடம் தெரியச் செதுக்கினார். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கவில்லை. இன்று அவர் பொம்மைகளுக்கென்றே ஆஸ்கர்ஷாம்ன் நகரில் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் பக்கத்தில் ராசிபுரம் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவரை அப்படி யாரும் மரத்தில் செதுக்கி நான் பார்த்ததில்லை.

தம்மம்பட்டிப் பட்டறைக்காரர் ஒருவர், வாகைக்கட்டையை எந்தப் பக்கம் பிளப்பது, உளியை எந்தக் கோணத்தில் தீட்டுவது, ஒரு சாண் மரப்பாச்சியை எத்தனை வெட்டில் முடிப்பது என்று பத்து நிமிஷம் பேசிப் பதிவு செய்தால் போதும். சாமி உருவத்துக்கு அப்புறம் வரலாம். செதுக்கி முடித்ததும் உப்புத்தாளைத் தேடாமல், வெட்டின தடத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லவும் அவர் மறக்கக்கூடாது.