இருபத்தைந்து விழுக்காட்டு வேலி

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையடியில் நிற்பவருக்கு லாம்டா என்ற சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தால் போதும். புகை கறுத்தால் எண்ணெய் மிகுதி. தழல் சுருங்கித் தெளிந்தால் காற்று மிகுதி. வால்வை ஒரு திருகு, டேம்பரை ஒரு நகர்த்து. காரில் இதே வேலையைச் செய்வதும் ஒரு பீங்கான்தான். இந்த ஊரில் சுடுகிற களிமண் அல்ல, சிர்கோனியா. அதன் ஒரு முகம் எஞ்சின் புகையிலும் மறுமுகம் வெளிக்காற்றிலும் இருக்கும். இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வேறுபாட்டை அது மின்னழுத்தமாகச் சொல்லும்: பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டி, காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டி. பாஷ் நிறுவனம் செய்த இந்த லாம்டா உணர்வி 1976இல் வால்வோ கார்களில் முதலில் ஏறியது.

உணர்வி சொல்வதைக் கேட்டு எஞ்சினை ஆளும் கணினியான இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுவதற்குத்தான் ஃப்யூயல் ட்ரிம் என்று பெயர். நொடிக்கு நொடி மாறுவது குறுகிய கால ட்ரிம். அந்த அனுபவத்தைத் தொகுத்து நினைவில் வைப்பது நீண்ட கால ட்ரிம். ஒற்றை இலக்க விழுக்காட்டில் இருந்தால் கவலையில்லை. பல கார்களில் 25 விழுக்காட்டுக்கு அருகே ஒரு வேலி உண்டு. திருத்தம் அங்கே முட்டி நின்றால் செக் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி 0171 என்றோ பி 0172 என்றோ குறியீடு வரும். முதலாவது காற்று மிகுதி, இரண்டாவது பெட்ரோல் மிகுதி.

டியூனிங் மென்பொருளில் இந்த வேலியை நகர்த்தலாம். 25ஐ 35 ஆக்கினால் விளக்கு அணைந்துவிடும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியாக வண்டியை எடுத்துப் போவார். இதற்கு இன்று சொல்லப்படும் நியாயம் இ20, அதாவது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார் இ20 பெட்ரோலைக் குடிக்கும்போது ட்ரிம் ஏறத்தான் செய்யும், வேலி போதாது என்கிறார்கள். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்தால் தேவை 13.5 அளவுக்கு இறங்குகிறது. இன்ஜெக்டர் எடையை அளப்பதில்லை, திறந்திருக்கும் நேரத்தைத்தான் அறியும். எத்தனாலின் அடர்த்தி சற்றுக் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கலப்பில்லாப் பெட்ரோலுக்கு அமைத்த கார் ஏழெட்டு விழுக்காடு கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். இ10க்கு அமைத்த காருக்கு நான்கு விழுக்காட்டை ஒட்டி. 25இல் எட்டைக் கழித்தாலும் பதினேழு மிஞ்சுகிறது. ஆக, இ20 மட்டும் காரணமென்றால் வேலியில் முட்டவே முட்டாது. முட்டுகிறது என்றால் வேறு எதுவோ அந்தப் பதினேழையும் தின்றுகொண்டிருக்கிறது: அடைத்த இன்ஜெக்டர், தளர்ந்த பம்ப், அழுக்கேறிய காற்று அளவி, வெடித்த வாக்குவம் குழாய். இ20 என்ற புது விருந்தாளியின் தலையில் பழைய கடன் முழுவதும் ஏற்றப்படுகிறது.

வேலியை அகற்றுவதன் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உணர்வி பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனை மட்டுமே பார்க்கிறது. உணர்விக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு விரிசல் என்று வையுங்கள். அந்த விரிசல் வழியே வெளிக்காற்று உறிஞ்சப்படும். உணர்வி ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்லும். ஒரு சிலிண்டர் பற்றாமல் போனாலும் இதே பொய்தான். எரியாத காற்று அப்படியே வெளியே வருகிறதே. இ.சி.யு. நம்பி ஊற்றும். 25இல் வேலி இருந்தால் ஊற்றல் அங்கே நிற்கும், விளக்கும் எரியும். 40 என்றால் அதுவரை ஊற்றும். மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும்; கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதன் தேன்கூட்டை உருக்கும். அந்தத் தேன்கூடும் பீங்கான்தான்: கார்டியரைட். சூளைக்குள் பொருள் அடுக்கும் தட்டுகளுக்குப் பயன்படும் அதே இனம். சூட்டைத் தாங்கவே பிறந்த பொருளையும் உருக வைக்கிறது ஓர் எண் மாற்றம்.

எதிர்ப்பக்கமும் மோசம். சில இ.சி.யுக்கள் நீண்ட கால ட்ரிமை முழு ஆக்சிலரேட்டரிலும் சேர்த்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் உணர்வியின் பேச்சு கேட்கப்படுவதில்லை. கற்றுவைத்த எண்தான் ஆட்சி. நிதான ஓட்டத்தில் தப்பாகக் கற்ற ‘கழித்தல் 30’ அங்கேயும் போனால், பாரம் ஏறிய நேரத்தில் பெட்ரோல் வறண்டு பிஸ்டன் அடிவாங்கும்.

வேலியைக் குறுக்குவது எனக்கு மரியாதைக்குரிய வேலையாகத் தெரிகிறது, ஆனால் பணிமனைக்குள் மட்டும். டைனோ என்ற சோதனை மேடையில் வண்டியை ஏற்றி ட்ரிமை ஐந்துக்குள் பூட்டினால், அல்லது நிறுத்தியே வைத்தால், இ.சி.யுவின் அடிப்படை எரிபொருள் வரைபடத்தின் பிழை ஒப்பனையில்லாமல் தெரியும். பெரிய இன்ஜெக்டர் மாட்டிவிட்டு அதன் அளவை மென்பொருளில் எழுதாமல், ‘ட்ரிம் பார்த்துக்கொள்ளும்’ என்று விடுபவர்களுக்கு இதுதான் மருந்து. ட்ரிமின் பூட்டைத் திறக்காமலே வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்களே, அதுதான் குறை. இன்ஜெக்டர் தேயும், பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் கலப்பு மாறும், காற்று அளவியில் தூசி படியும். இதையெல்லாம் சமாளிக்கத்தான் ட்ரிம் இருக்கிறது. முதல் நாள் டைனோவில் அழகாக இருந்த வண்டி மூன்றாம் மாதம் இழுக்காமல் போவதற்கு ஜாதகம் பார்க்க வேண்டாம்.

டியூனிங் என்ற பேரே இல்லாமல் இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் கேஸ் கிட் பொருத்துகிறவர்களில் இருக்கிறார்கள். நல்ல பொருத்துநர் முதலில் பெட்ரோலில் ஓட்டி ட்ரிமைக் குறித்துக்கொள்வார். பிறகு சி.என்.ஜி.யில் ஓட்டி, ட்ரிம் அதே இடத்துக்கு வரும்வரை கேஸ் வரைபடத்தை மாற்றுவார். சி.என்.ஜி.க்கு 17 பங்குக்கு மேல் காற்று வேண்டும், பெட்ரோலோடு ஒப்பிட்டால் நெடுந்தூரம். ஆனாலும் வேலியைத் தொடுவதில்லை, வேலிக்குள் இருக்கும் பாதையைச் சரிசெய்கிறார். இ20க்கும் இதுதான் வழி. இ.சி.யுவில் 14.7 என்று எழுதியிருப்பதை 13.5 ஆக்கினால் ட்ரிம் மறுபடி பூச்சியத்தை ஒட்டி வரும், வேலி தன் பழைய வேலையைப் பார்க்கும். (உற்பத்தியாளரின் வரையறையை மீறி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் இ.சி.யு. எண்களை மாற்றும் ரீமேப் கேட்டுப் போகிறவர் தெரிந்து வைத்திருக்கட்டும்.)

மென்பொருள் வாங்க வசதியில்லாத பட்டறையில் இதற்கெல்லாம் மாற்று பேட்டரி டெர்மினல். கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு மாட்டினால் பல வண்டிகளில் கற்ற எண்களெல்லாம் அழிந்துபோகும், விளக்கும் அணையும். சில நாளில் திரும்ப எரியும். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் வேலியைப் பிடுங்குவதைவிட இது நேர்மையானது என்பேன், விளக்காவது திரும்பி வருகிறது. கழற்றுவதற்கு முன் ஸ்கேனரை மாட்டி நீண்ட கால ட்ரிமை ஐட்லிங்கிலும் 2,500 சுற்றிலும் எழுதிக்கொண்டால் பாதி நோய் பிடிபடும். ஐட்லிங்கில் 20, ஏற்றிப் பிடித்தால் 5 என்று இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. ஐட்லிங்கில் 5, ஏற ஏற 20 என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. முதலாவது பெரும்பாலும் ஒரு ரப்பர் குழாயோடு முடிகிற செலவு.