சிதைந்த கோப்புப் பெயர்களும் பாட மீட்பும்: சித்தூர், திருப்பதிப் பெயர்வழி ஒரு திறனாய்வு

ஓர் இயக்க முறைமையில் தமிழில் பெயரிட்டுச் சேமித்த கோப்புகளை வேறோர் இயக்க முறைமைக்கு மாற்றும்பொழுது, உள்ளடக்கம் பழுதுறாதிருக்கப் பெயர் மட்டும் சிதைந்து தோன்றுதல் உண்டு. கணிப்பொறி வல்லுநர் பலர் இதனைச் சிறு கோளாறாகக் கருதி, மொத்தமாகப் பெயர் மாற்றும் நிரல்களையோ உரோமன் எழுத்தையோ தீர்வாகக் கூறுவர். சிதைந்த பெயரை மீட்டல் அடிப்படையில் பாடத் திறனாய்வே என்பதும், சிதைவின் வகையறியாமல் செய்யும் திருத்தம் மீளா இழப்பில் முடியும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் பெயர்கள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

1. பெயரின் தனிநிலை

கோப்பின் உள்ளே எக்குறியேற்றம் கையாளப்பட்டது என்னும் குறிப்பு இடம்பெறலாம். கோப்புப் பெயரிலோ அத்தகைய குறிப்புக்கு இடமில்லை. பல இயக்க முறைமைகள் பெயரை வெறும் எண்களின் தொடராகவே காக்கின்றன. அவ்வெண்களுக்குரிய எழுத்துகளைப் படிக்கும் கருவியே ஊகித்துக் கொள்கிறது. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இப்பகுதி பற்றிய ஆவணங்களைத் தொகுப்போர்க்கு இருமொழிக் கோப்புகளும் ஒருங்கே வந்து சேர்வது இயல்பு. எது மூலம், எது பெயர்ப்பு என்பதை மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் பெயர் கொண்டே அறிகின்றனர். பெயர் கெடின் அவ்வுறவும் கெடும்.

2. மொழி மாறிய வாசிப்பு

1991ஆம் ஆண்டின் இந்தியத் தரக் குறியேற்றமான இஸ்கி, இந்திய மொழிகளின் ஒத்த ஒலியெழுத்துகளுக்கு ஒரே எண்ணை வழங்கியது. தமிழ்த் தகரமும் தெலுங்குத் தகரமும் அதில் ஒன்றே. ஆதலின் தமிழில் இட்ட ‘திருப்பதி’ என்னும் பெயரைத் தெலுங்கெனக் கருவி கொள்ளுமாயின், அது தெலுங்கு எழுத்தில் தெளிவாகவே தோன்றும். ஆயின் தெலுங்கு வழக்கில் இல்லாத ஒற்றுப் பகரம் அதில் மிகும். சிதைவெனத் தோன்றாத இச்சிதைவே பெரிதும் ஏமாற்றுவது. எழுத்துப் பிழையெனக் கருதி ஒற்றை நீக்குவோர் தமிழ்ச் சான்றை அழித்தோராவர்.

3. மீளத்தக்க சிதைவு

ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழெழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளால் ஆனது. முதலாவது எப்பொழுதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. தெலுங்கிற்கு இரண்டாவது 176 அல்லது 177. எண்ணுக்கு எழுத்து வகுக்கும் அட்டவணையான குறிப்பக்கம் விண்டோசின் 1252 ஆயின், தமிழ்ப் பெயரில் வட்டத்துள் அடைபட்ட பதிவுக் குறியும் மேற்கோட்டுக் குறியும் மீண்டும் மீண்டும் வரும். தெலுங்குப் பெயரில் பாகைக் குறியும் கூட்டல் கழித்தல் குறியும் வரும். பொதிவுக் கோப்புகளில் பழைய 437ஆம் குறிப்பக்கம் கொள்ளப்படின், தமிழ்ப் பெயரில் இரட்டைக் கோண மேற்கோள் குறிகளும் தெலுங்குப் பெயரில் புள்ளி நிரவிய கட்டங்களும் தோன்றும். எழுத்தறியா நிலையிலும் மொழியறிய இக்குறிகள் உதவுகின்றன. 437இல் எல்லா எண்களுக்கும் உரு உண்டாதலின் அச்சிதைவைப் பின்னோக்கி மாற்றிப் பெயரை முழுமையாக மீட்கலாம்.

4. புள்ளி இழப்பு

1252இன் நிலை வேறு. அதில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து எண்களுக்கு எழுத்து வகுக்கப்படவில்லை. தமிழ்ப் புள்ளியின் மூன்றாம் பைட்டு 141. உகரக் குறியின் மூன்றாம் பைட்டு 129. இவற்றைச் சில நிரல்கள் கண்ணுக்குப் புலனாகாக் குறியாகக் காக்கும், சில நீக்கிவிடும், சில அடிக்கோடிட்டு நிரப்பும். முதல் இரு பைட்டுகளும் இரண்டிற்கும் ஒன்றேயாதலின், மூன்றாவது நீங்கியபின் புள்ளியும் உகரமும் வேறுபாடின்றி ஒரே எச்சமாகும். இந்நிலையில் ‘திருப்பதி’யை ‘திர்ப்பதி’, ‘திர்புபதி’, ‘திருபுபதி’ எனவும் படிக்க இடமுண்டு. இவற்றுள் பொருந்துவது ஒன்றே என்பதை வழக்கறிவு காட்டும். ‘சித்தூர்’ அவ்வாறன்று. அதன் ஈற்றை ‘ரு’ எனக் கொள்ளின் ‘சித்தூரு’ என்னும் தெலுங்கு வழக்கே கிடைக்கும். தமிழெழுத்தில் தெலுங்குப் பெயரைப் பெயர்த்தெழுதிய கோப்போ அது என்பதை உள்ளடக்கத்தைத் திறந்து பார்த்தன்றித் துணிதல் இயலாது.

ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் புள்ளியின்மையைப் பதிப்பாசிரியர் எதிர்கொண்ட நிலையும் இதுவே. காலும் ரகரமும் ஓருருவாய் நின்ற ஏடுகளில் சொல்லறிவும் பொருளறிவும் கொண்டே பாடம் துணியப்பட்டது. 1930களில் திருப்பதித் தேவஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுகளுள் பெரும்பான்மையான தமிழ்க் கல்வெட்டுகளைப் பயில்வோர்க்கு இம்முறை புதிதன்று. கணிப்பொறிப் பெயர்க்கும் அதே எச்சரிக்கை வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

5. உரு ஒன்று, தொடர் இரண்டு

திருப்பதியின் கோவிந்தராசர் கோயிலைப் பற்றிய கோப்பொன்றின் பெயர் ‘கோயில்’ எனத் தொடங்குவதாகக் கொள்ளலாம். ஓகாரக் குறியை ஒரே எண்ணாலும் எழுதலாம்; ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். 1998இல் வந்த ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பிரித்தே சேமித்தது. 2017 முதல் வந்த ஏபிஎஃப்எஸ் தரப்பட்ட வடிவைக் காத்து, ஒப்பிடும்பொழுது இரண்டையும் ஒன்றெனக் கொள்கிறது. லினக்சு முறைமைகள் பொதுவாக இவற்றை இருவேறு பெயர்களாகவே கொள்ளும். விளைவு, ஒரே பெயருடைய இரு கோப்புகள் அருகருகே நிற்றலும் தேடியது கிட்டாமையும் ஆகும். தமிழ் ஐகாரக் குறிக்கு இப்பிரிவில்லை. தெலுங்கு ஐகாரக் குறிக்கு உண்டு. ஆதலின் ‘சென்னை’ தமிழில் மாறாது நிற்கத் தெலுங்கில் பிரியும். இங்குச் சிதைவு ஏதுமின்மையால், குறியேற்ற மாற்று நிரலை ஏவுவது நலமான பெயரைக் கெடுப்பதாகும். வேண்டுவது இரு வடிவங்களுள் ஒன்றிற்கு ஒருமுகப்படுத்தல் மட்டுமே.

6. உரோமன் தீர்வின் குறை

உரோமன் எழுத்தில் பெயரிட்டால் இடர் நீங்கும் என்பது பரவலான அறிவுரை. உருச் சிதைவு நீங்குதல் உண்மையே. வேறுபாடு நீங்குதலும் உண்மை. தமிழர் தகரத்தை உரோமனில் ‘டி’, ‘எச்’ என்னும் இரண்டெழுத்தாலும் தெலுங்கர் ‘டி’ ஒன்றாலும் குறிப்பது பெருவழக்கு. திருப்பதி என்னும் ஒரு பெயரே அகர வரிசையில் ஈரிடத்தில் அமையும். சித்தூரும் பாலக்காட்டு மாவட்டத்துச் சிற்றூரும் ஒன்றாய் மயங்கும். ரகர றகரமும் லகர ளகர ழகரமும் வேறுபாடிழக்கும். ஊர்ப்பெயர் ஆய்வாளர்க்கு இவையே தரவாதலின், இத்தீர்வு நோயோடு நோயாளியையும் நீக்குவது போன்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், மொழி மாறிய வாசிப்பு, மீளத்தக்க சிதைவு, இழப்பு, உரு ஒத்த வேறுபாடு ஆகிய நான்கையும் முதலில் பிரித்தறிதல் இன்றியமையாதது என்பது பெறப்படும். மூலப் பெயர்களைத் தொடாமல் ஒரு படி காத்தல், பழைய பெயரும் புதிய பெயரும் நிரலாகப் பதிதல், ஊகத்தால் நிரப்பிய எழுத்தை ஊகமெனக் குறித்தல் ஆகியன கடைப்பிடிக்கத்தக்கன. லினக்சில் வழங்கும் கான்வ்எம்வி என்னும் நிரல், தனிக் கட்டளை தந்தாலன்றிப் பெயரை மாற்றாது. செய்யவிருப்பதைக் காட்டி நிற்கும். அப்பட்டியலைப் படித்துத் துணியும் பணி தமிழும் தெலுங்கும் அறிந்தாரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.