கேடயத்தில் ஒரு பறவை

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், கிருனா என்றொரு சுரங்க ஊர். அதன் கேடயச் சின்னம் இரண்டு பாதி. ஒன்றில் நீலத்தின்மேல் வெள்ளி நிறத்தில் இரும்பின் குறி: ஒரு வட்டம், அதிலிருந்து புறப்படும் அம்பு. மற்றதில் வெள்ளியின்மேல் ஒரு நீலப் பறவை. பனிமலையில் வாழும் கௌதாரி இனம். அவ்வளவுதான். மனுசர் யாருமில்லை.

பொருளதிகாரம் படித்துப் பரீட்சை எழுதிய எனக்கு இதைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது கருப்பொருள். புள் இருக்கிறது, தொழில் இருக்கிறது. உரிப்பொருள் எங்கே? திணையை வாசிக்கிற மாதிரி இந்தச் சின்னத்தையும் ஒரு பிரதியாக வாசித்தால் என்ன?

முதலில் பறவை. ஸாமி மொழியில் அதற்கு 'கிரோன்' என்று பெயர். ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஸாமிகள் பனிமான் மேய்க்கும் பூர்வகுடிகள். 1890இல் எல்கேஏபி கம்பெனி உருவாகி 1900இல் ஊர் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே அது அவர்களின் மேய்ச்சல் நிலம். நிலத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் பறவையாகிக் கேடயத்தில் ஒட்டிக்கொண்டது. ஆதிக்கம் 'மற்றமை'யை முழுசாக அழிப்பதில்லை, அலங்காரமாக வைத்துக்கொள்ளும். நிஜப் பறவை பனிக்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு. சின்னத்தில் அந்தச் சுதந்திரமும் கிடையாது, எப்பவும் நீலம்தான்.

அடுத்து இரும்புக் குறி. ரசவாதிக்கு அது இரும்பு. சோதிடருக்குச் செவ்வாய், ரோமானியரின் போர்த்தெய்வம். உயிரியல் பாடத்தில் ஆண். போரும் பொருந்துகிறது: இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போன தாதுவில் இந்த மலையும் அடக்கம். சரி, வெட்டிய கை? சாரா லிட்மன் 1968இல் 'க்ரூவா' (சுரங்கம்) என்ற நூலில் தொழிலாளர்களையே பேசவிட்டார். 1969 டிசம்பரில் ஏறத்தாழ 5,000 பேர் சங்கத் தலைமையைக் கேட்காமலே வேலையை நிறுத்தினார்கள். 1970 பிப்ரவரி வரை நீடித்தது. எதிரே நின்றது தனியார் முதலாளி அல்ல, அரசுடைமைக் கம்பெனி. அந்தக் குரலுக்கு இந்தக் குறிப்பானில் இடமில்லை.

சுரங்கம் அடிநிலத்தைத் தின்றுகொண்டே வந்ததால் ஊரைக் கிழக்கே பெயர்ப்பதென்று 2004இல் அறிவித்தார்கள். புது மையம் 2022இல் திறந்தது. 1912இல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் முழுசாக வண்டியிலேற்றி, இரண்டு நாளில் ஐந்து கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். உலகமே வேடிக்கை பார்த்தது. உரிப்பொருள் இப்போது தெரிகிறது: பிரிதல். பாலைக்குத் தனி நிலமில்லை, மற்ற நிலம் கெட்டால்தான் பாலை என்று படித்தோமே, அது இங்கே பனிக்குள் நடக்கிறது.

நண்பர் ஒருவர் கேட்டார்: "பறவையையாவது வச்சாங்களே, அதுவும் இல்லேன்னா?" நியாயமான கேள்வி. பெயர் மிஞ்சினால் உரிமை கேட்க ஒரு பிடி மிஞ்சும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பறவையும் இரும்பும் சமபாதியாக நிற்கிறதே, அதுதான் பொய். பூமிக்கு மேலே அப்படியொரு சமபாதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சின்னத்தைப் புதுச்சுவரில் மாட்டிவிடலாம். தேவாலயத்தைச் சக்கரத்தில் ஏற்றிவிடலாம். பனிமான் நடந்த தடத்தை எதில் ஏற்றுவது?