அடுக்களையில் ஓர் ஏடு

வளர்ந்தபின் கல்விக்குத் திரும்புவோரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர்தம் மனவுறுதியையே போற்றுகின்றனர். உறுதி ஒன்று இருந்தால் ஏனையவை தாமே வந்து சேரும் என்ற தொனி அவ்வெழுத்துகளில் ஒலிக்கிறது. அத்தொனியை ஐயுற வைக்கும் நூல் ஒன்று உண்டு. ராஸசுந்தரி தேவி என்னும் வங்கப் பெண்மணி எழுதிய ‘ஆமார் ஜீபன்’ (என் வாழ்க்கை) அது. வங்கமொழியின் முதல் தன்வரலாறாகக் கருதப்படும் இந்நூலின் முதற்பகுதி வெளியான ஆண்டு பொதுவாக 1876 எனச் சுட்டப்பெறுகிறது. விரிவாக்கிய பதிப்பு 1897இல், ஆசிரியரின் முதிர்ந்த வயதில் வந்தது. நாம் இதனை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே பயின்றோம். ஆதலால் வங்க உரைநடையின் இனிமை பற்றி ஏதும் கூற முற்படவில்லை; நூல் சொல்லும் செய்தியே நம் பொருள்.

1810ஐ ஒட்டி, இன்று வங்கதேசத்தில் உள்ள பப்னா மாவட்டத்தில் பிறந்தவர் ராஸசுந்தரி. அவர்தம் வீட்டின் வெளிக்கட்டில் சிறுவர்க்கான பள்ளி ஒன்று நடந்தது. எட்டு வயதுச் சிறுமியை அங்கே ஓர் ஓரமாக உட்கார வைத்தார்கள். அவருக்குக் கற்பிக்க வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. சிறுவர் உரக்கச் சொல்லி எழுதிய எழுத்துகளை அவர் வாய்திறவாமல் கேட்டும் பார்த்தும் மனத்தில் பதித்துக்கொண்டார். பின்னர் வீடு தீக்கிரையாயிற்று, பள்ளியும் நின்றது. பன்னிரண்டாம் வயதில் மணமாகி ஃபரீத்பூர்ப் பகுதிக்குச் சென்றார். எனவே பிற்காலத்தில் அவர் ஏட்டைக் கையில் எடுத்ததைப் புதிய தொடக்கம் என்பதினும், அறுந்த இழையை மீண்டும் பற்றியதாகக் கொள்வதே பொருந்தும்.

அந்த இழையைப் பற்ற அவருக்கு நேரம் ஏது? இவ்வினாவே நூலின் உயிர்நாடி என்பது நம் துணிபு. மாமியார் பார்வையிழந்தபின் உள்வீட்டுப் பொறுப்பு முழுவதும் அவர்மேல் விழுந்தது. குலதெய்வத்துக்குப் படையல், விருந்தினர்க்கு உணவு, ஏறத்தாழ இருபத்தைந்து பேருக்கு இருவேளைச் சமையல். பதினெட்டாம் வயதில் முதற்குழந்தை, நாற்பத்தொன்றாம் வயதில் கடைசிக் குழந்தை. இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு பேறுகள். உண்ண அமரும்போதெல்லாம் விருந்தினர் வருவதும் குழந்தை அழுவதுமாக, இரண்டு நாள்கள் அவர் ஒரு பருக்கையும் உண்ணாமற் கழித்ததை ஓரிடத்தில் விவரிக்கிறார். வீட்டில் எவருக்கும் அது தெரியவில்லை. கொடுமை செய்தவர் என்று ஒருவரும் அங்கில்லை. கேட்பதற்கு ஒருவர் இல்லை என்பதே அங்கு நிகழ்ந்த கொடுமை. முகத்தை மூடிய முக்காட்டினூடே தம் பாதங்களுக்கு அப்பால் ஏதும் காணாமல் உழைத்த தம்மை, கண் கட்டப்பட்ட செக்குமாட்டுக்கு அவர் ஒப்பிடுகிறார். நூலில் எத்தனையோ உவமைகள் வருகின்றன. நம் நெஞ்சில் தைத்தது இதுவே.

அவருக்கு இருபத்தைந்து வயது கடந்திருந்த காலம். சைதன்யரின் வரலாற்றைப் பாடும் ‘சைதன்ய பாகவத’த்தைத் தாம் படிப்பதாக ஒரு கனவு கண்டார். சில நாளில் கணவர் அந்நூலைச் சமையலறையருகே வைத்துப்போக, அதன் மேற்பலகையின் ஓவியத்தைக் கொண்டே அதை அடையாளம் வைத்துக்கொண்டார். பெயரைப் படிக்கத் தெரியாதவர்க்கு வேறு வழி ஏது? ஏடுகள் தைக்கப்படாமல் தனித்தனியாக இருந்தமையால் ஓர் ஏட்டை உருவி அடுக்களையில் ஒளித்துவைக்க முடிந்தது. எட்டு வயது மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். சிறுமியாய்க் கேட்ட ஒலி, மகன் எழுதிய எழுத்து, ஏட்டிலுள்ள எழுத்து ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கி ஒப்புநோக்கியே பயின்றார். இடக்கையில் ஏடு, எதிரே அடுப்பு. முக்காட்டினுள்ளிருந்து அவ்வப்போது ஒரு பார்வை. படிக்கும் பெண் கைம்பெண்ணாவாள் என்று அக்கால வங்க இந்துக் குடும்பங்களில் பலர் நம்பினர் என்பதை நினைவிற்கொண்டால், அந்த ஒரு பார்வையின் விலை விளங்கும். கணவரின் சகோதரியரை எண்ணி அவர் பெரிதும் அஞ்சினார். பின்னர் உண்மை தெரிந்தபோதோ அவர்கள் சினக்கவில்லை, மகிழ்ந்தார்கள்.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. படிக்கக் கற்ற ராஸசுந்தரி பல்லாண்டுகள் எழுதக் கற்கவில்லை. பள்ளிக்குச் சென்றோர் இரண்டையும் ஒருசேரக் கற்பதால் அவை ஒன்றே என எண்ணிவிடுகிறோம். படிப்பை அடுப்பருகே நின்றபடி திருடலாம். எழுதுவதற்குத் தாள், பேனா, மை, அமரும் இடம், கலையாத பொழுது இத்தனையும் வேண்டும். கல்கத்தாவில் பயின்ற மகன், தன் கடிதங்களுக்கு அன்னை மறுமொழி எழுதுவதில்லை என்று குறைபட்டு, எழுதுபொருள்களை வாங்கிக் கொடுத்த பின்னும் பொழுது வாய்க்கவில்லை. கணவரின் நோய்க்கு மருத்துவம் பார்க்க வேற்றூரில் தங்கியபோது வீட்டுவேலை குறைந்தது. அப்போதே எழுத்துக் கைவந்தது. மனவுறுதி அவருக்கு முன்னமே இருந்தது. புதிதாகக் கிடைத்தது ஓய்வு மட்டுமே. ஓய்வு கிடைத்ததும் ஒரு நோயின் பயனாக! இதைக் காணாமல் அவருடைய விடாமுயற்சியை மட்டும் பாராட்டிச் செல்வோர், நூலின் பாதியை மூடிவைத்துவிட்டுப் படிப்பவராவர்.

அனைத்தையும் இறையருளாகவே ஏற்றுப் பேசும் இந்நூலை அடங்கிப்போன மனத்தின் குரல் என்று தள்ளிவிடத் தோன்றலாம். நாம் அதற்கு உடன்பட மாட்டோம். மரணப் படுக்கையிலிருந்த தாயைக் காணச் செல்ல இயலாமற்போன பகுதியைப் பாருங்கள். ஆண்மகனாய்ப் பிறந்திருந்தால் பறந்து சென்றிருப்பேனே என்று அவர் அரற்றுவதும் இறைவனிடமே. கணவரிடமோ ஊராரிடமோ கேட்க முடியாத வினாவை அங்கே கேட்க முடிந்தது. அவருடைய வேண்டலுக்குள் வழக்காடலும் இருக்கிறது.

எனினும் நூல் குறையற்றதன்று. கணவரைப் பற்றிய பகுதி மரியாதையின் திரைக்குப் பின்னேயே நின்றுவிடுகிறது. இரண்டாம் பகுதியில் துதிப்பாக்கள் பெருகிச் செய்திகள் அருகுகின்றன. அடுக்களையின் புகையும் வெப்பமும் அங்கே இல்லை. படிக்கக் கற்ற அந்தத் திங்கள்களையும் அவர் சில பக்கங்களில் விரைந்து கடந்துவிடுகிறார். எந்த எழுத்து முதலில் பிடிபட்டது, எந்தச் சொல் முதலில் முழுமையாக ஒலித்தது என்றறிய நாம் ஆவலுற்றோம். அவர் சொல்லவில்லை.