முற்றுப்புள்ளி எங்கே

உண்மையைச் சொன்னதோடு ஒலிபரப்பாளனின் பொறுப்பு தீர்ந்தது என்ற வாதம் எனக்கு உடன்பாடில்லை. 2014இல் சியரா லியோன், லைபீரியா நாடுகளில் எபோலா பரவத் தொடங்கியபோது வானொலி சொன்னது: இது கொல்லும், மருந்து கிடையாது. தகவலில் அன்று பிழையில்லை. ஆனால் கேட்டவன் செய்வதற்கு அந்த வாக்கியம் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மருந்தில்லாத நோய்க்கு ஆஸ்பத்திரி எதற்கு? அதிகாரிகள் மேலிருந்த அவநம்பிக்கையும் சேர்ந்துகொள்ள, பலர் நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார்கள், தொட்டவர்களுக்கும் தொற்றியது. பிறகுதான் பிழைத்தவர்களின் குரல் வானொலியில் வந்தது: சீக்கிரம் சிகிச்சைக்குப் போனால் பிழைக்க வழியுண்டு. இதுவும் உண்மை; முன்னதில் விடுபட்ட பாதி. கவிதையில் வரி எங்கே முடிகிறது என்று பார்க்கிற நாம் செய்தி வாக்கியத்தையும் அப்படிப் பார்க்க வேண்டும் என்பேன்.