நூறு பங்கு வெப்பமெல்லாம் ஒரே நூறு இல்லை

வெயில், விறகு, எரிவாயு என்று பல வெப்ப மூலங்களைச் சேர்த்து ஓடும் கலப்பு மின்நிலையங்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். நிறைய கட்டுரைகளில் ஒரே கோளாறு கண்ணில் படுது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 பங்கு எரிவாயு வெப்பத்தில் 50 பங்கு மின்சாரம் எடுக்கும் நிலையம். அதோடு 20 பங்கு சூரிய வெப்பம் சேர்த்தால் 57 கிடைக்குது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் இலவசம்தானே என்று 57-ஐ 100-ஆல் வகுத்து, திறன் 57 சதவீதமாக உயர்ந்தது என்று எழுதுகிறார்கள். உள்ளே போன வெப்பம் 120. உண்மைத் திறன் 47.5 சதவீதம்; குறைந்திருக்கு. எரிபொருள் மிச்சமாவது நிஜம். அதை எரிபொருள் மிச்சம் என்றே சொல்லலாமே, திறன் என்று ஏன் பெயர் வைக்கணும்?

இரண்டாவது, வெப்பத்தின் தரம். வெளியே 35 டிகிரி என்றால், 540 டிகிரி வெப்பம் நூறு பங்கில் கார்னோ எல்லைப்படி 62 பங்கு வேலையாகும். 90 டிகிரி வெப்பத்தில் 15 மட்டுமே. இரண்டையும் சும்மா கூட்டினால் கணக்கே பொய்யாகிடும். குறைந்த சூட்டுச் சூரிய வெப்பத்தைக் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கப் பயன்படுத்தும் கட்டுரைகள் மேல். அந்த வேலைக்கு டர்பைனிலிருந்து உருவும் ஆவி மிச்சமாகி, மின்சாரமாகும்.

மூன்றாவது, ராத்திரி. எகிப்தின் குரைமத்தில் 2011-இல் ஓடத் தொடங்கிய 140 மெகாவாட் நிலையத்தில் சூரியப் பங்கு 20 மெகாவாட்தான். சூரிய ஆவிக்காகப் பெரிதாக்கிய டர்பைன், வெயில் இல்லாத நேரம் குறைந்த சுமையில் ஓடித் திறன் இழக்கும். நண்பகல் எண்ணை மட்டும் காட்டினால் இது தெரியாது. வருடக் கணக்கு வேணும்.

கடைசியாக, தண்ணீர். உசிலம்பட்டிப் பக்கம் வெயிலும் சீமைக்கருவேல விறகும் பருத்திமாரும் இருக்கு. காகிதத்தில் அருமையான இடம். ஆனால் 58 கிராமக் கால்வாயில் வைகைத் தண்ணீர் வருமா என்று காத்திருக்கிற ஊர் இது. பழைய அனல் நிலையங்களுக்கே 2015-இல் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு, ஒரு யூனிட்டுக்கு 3.5 லிட்டர். காற்றால் குளிர்வித்தால் தண்ணீர் மிச்சம். ஆனால் ஆவி குளிரும் சூடு ஏறி, சித்திரை மதியத்தில், வெயில் உச்சத்தில் இருக்கும்போதே, உற்பத்தி இறங்கும். வெளிச்சூட்டை 25 டிகிரி என்று வைத்துக்கொண்ட கட்டுரை நமக்கு எதுக்கு?

கூடுதல் சூரிய வெப்பத்துக்குக் கிடைத்த கூடுதல் மின்சாரம், வருடத்தில் மிச்சமான எரிபொருள், யூனிட்டுக்கான தண்ணீர். இந்த மூன்று எண்ணும் இருந்தால் அந்தக் கட்டுரையை நம்பி மேலே படிக்கலாம்.